கல்லாறு வரை உடையாத படம்

நாங்கள் ஜெயித்த கதை இது. ஓய்வு பெற்றவர்கள் எழுதும்போது, "ஏதோ என்னால் முடிந்ததைச் செய்தேன்" என்று தலையைக் குனிந்துகொள்வது வழக்கம். எனக்கு அது வராது. செய்ததைச் செய்தேன் என்று சொல்ல என்ன வெட்கம்?

போன மாதம் எங்கள் கேபிள் கம்பெனியின் புது இன்ஜினீயர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். எல்லோரும் போனிலேயே படம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், கேபிளுக்கு இனி ஆயுசு இருக்கிறதா என்பது அவர்கள் கவலை. "சேச்சி, டிஷ் வந்தப்பவும் கேபிள் தீர்ந்துன்னுதானே எல்லாரும் சொன்னாங்க? அப்ப எங்ஙன பிடிச்சு நின்னீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். சாயா போட்டுக் கொடுத்து வாயால் சொன்னேன். ஆண்டு மலருக்கு எழுதியும் தரச் சொன்னார்கள். இண்டர்நெட்டை எப்படி வெல்வது என்று எனக்குத் தெரியாது. டிஷ்ஷை எப்படிச் சமாளித்தோம் என்று மட்டும் தெரியும்.

நான் பாக்கியலட்சுமி. திருவனந்தபுரம் ஆரியசாலையில் அப்பாவுக்கு வத்தல், மல்லி மொத்தக் கடை. வீட்டில் தமிழ், தெருவில் இரண்டும் கலந்தது, பள்ளிக்கூடத்தில் மலையாளம். மிளகாய் நெடியில் தும்மித் தும்மி வளர்ந்தவள், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். "பெண்பிள்ளை ரேடியோ பிரித்துப் போட்டு என்ன செய்யப் போகிறது?" என்று சொந்தக்காரர்கள் அப்பாவிடம் கேட்டார்கள். "கெட்டுப் போன ரேடியோவை உங்க வீட்டுக்கு வந்து நல்லாக்கித் தரும்" என்று அப்பா சொன்னார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கேபிள் டிவி வந்தது. இரண்டு மூன்று சின்ன கேபிள்காரர்களிடம் வேலை பார்த்தேன். சுரிதாரை முடிச்சுப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறி, மாமரத்திலும் மின்கம்பத்திலும் ஒயர் இழுத்திருக்கிறேன். பிறகு திருவனந்தபுரம் வட்டாரத்துக் கேபிள்காரர்கள் பலர் சேர்ந்து பொதுவாக ஒரு கம்பெனி தொடங்கினார்கள். வஞ்சியூரில் ஒரு வாடகை மாடிதான் அலுவலகம். அங்கே சேர்ந்தவள் கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டேன்.

அந்த மாடியில்தான் சுகுமாரன் சாரிடம் மாட்டிக்கொண்டேன். அரசாங்கத்தின் தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்று, எங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர் அவர். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்திருப்பார். சட்டைப் பையில் டெஸ்டர், பக்கத்துப் பையில் வாயுவுக்கு மாத்திரை. குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கண்ணாடியைக் கையில் எடுத்தாலே நாங்கள் ஆளுக்கொரு ஏணியைத் தூக்கிக்கொண்டு நழுவிவிடுவோம்.

அவருக்கு ஒரு முறை உண்டு. புகார் வந்த வீட்டுக்குப் போனால் நாங்கள் எல்லோரும் நேரே கம்பத்துக்கு ஓடுவோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், டிவிக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவார். "ஆத்யம் இரிக்கு. பின்னே நோக்காம்" என்பார். முதலில் உட்கார், பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம். அந்த வீட்டுக்காரர்கள் என்ன பார்க்கிறார்களோ அதையே அவரும் பார்ப்பார். சீரியல் என்றால் சீரியல், பக்திப் பாடல் என்றால் பக்திப் பாடல். கொடுத்த சாயாவைக் குடிப்பார். வீட்டில் ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று கவனித்து, அவரிடம்தான் கேள்வி கேட்பார். பணம் கட்டுகிற வீட்டுத் தலைவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது என்பது அவர் கண்டுபிடிப்பு. எல்லாம் கேட்ட பிறகு, கடைசி வீட்டில் இருந்து பின்னோக்கி நடந்து கோளாறைத் தேடுவார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல் வரும். இந்த மனுஷன் வேலைக்கு வந்தாரா, விருந்துக்கு வந்தாரா என்று முணுமுணுத்திருக்கிறேன். அவர் காதில் விழுந்தும் இருக்கும். ஆனால் அவர் போய்வந்த வீட்டில் இருந்து இரண்டாம் முறை புகார் வந்ததை நான் பார்த்ததில்லை.

டிஜிட்டல் என்ற பேச்சு காற்றில் வந்தபோது ஆளாளுக்கு ஒரு கடை விரித்தார்கள். கம்பியே வேண்டாம், கோபுரத்தில் இருந்து நேராக வீட்டு மாடிக்குப் படம் அனுப்பலாம் என்று ஒரு கூட்டத்தார் வந்தார்கள். தம்பானூரில் ஓர் ஓட்டல் மொட்டைமாடியில் கருவியை நிறுத்தி, கவடியாரில் ஒரு பெரிய வீட்டில் செய்து காட்டினார்கள். படம் அப்படி ஒரு தெளிவு. எங்கள் ஆட்கள் முகம் செத்துவிட்டது. மறுநாள் காற்று வீசியது. கோபுரத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னை நின்றிருந்தது. ஓலை இந்தப் பக்கம் ஆடினால் படம் வரும், அந்தப் பக்கம் ஆடினால் போகும். அந்தத் தென்னையை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று வந்தவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கார அம்மா, "தெங்கு நில்க்கட்டே. நீங்கள் பொய்க்கோளூ" என்று வாசலைக் காட்டிவிட்டார். தென்னை நிற்கட்டும், நீங்கள் கிளம்புங்கள் என்று. இந்தச் சோதனையைப் பற்றி எங்கள் கம்பெனி என்னை அறிக்கை எழுதச் சொல்லியிருந்தது; எதற்கு என்று தெரியவில்லை, அந்த அம்மாவே ஒரே வரியில் எழுதிவிட்டார்.

அரசாங்கக் கோபுரத்தில் இருந்து சாதாரண ஆன்டெனாவுக்கே டிஜிட்டல் வரும் என்று இன்னொரு பேச்சு. வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதை நம்பித் தொழில் நடத்த முடியாது.

மூன்றாவதாக வந்தது டிஷ். இதை நான் இளக்காரமாகச் சொல்ல மாட்டேன். நல்ல சரக்கு. செயற்கைக்கோளில் இருந்து நேரே உங்கள் வீட்டுக்கு, நடுவில் கம்பமும் இல்லை, கேபிள்காரனும் இல்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் ஒரு பெரிய கம்பெனி ஊருக்குள் அலுவலகம் திறந்தது. அதன் வட்டார மேலாளர் அனூப். முப்பது வயது இருக்கும். கோயம்புத்தூரில் படித்தவர், என்னிடம் தமிழிலேயே பேசுவார். மரியாதையான ஆள். அதுதான் பயமாக இருந்தது. முரட்டு எதிரியைத் திட்டியாவது ஆறுதல் அடையலாம்.

அந்தக் கம்பெனி இரண்டு வழியில் வந்தது. ஒரு கையால் வீடுகளுக்கு டிஷ் விற்றது. இன்னொரு கையால் கேபிள்காரர்களிடம், "உங்கள் லைனை எங்களுக்கே கொடுத்துவிடுங்கள், எங்கள் டிஷ்ஷுக்கு ஏஜென்டாக இருங்கள்" என்று பேரம் பேசியது. கொடுப்பதாகச் சொன்ன விலை குறைவுதான். ஆனால் இன்னும் ஒரு வருடம் போனால் அதுவும் கிடைக்காது என்று பயம் காட்டினார்கள். நாங்கள் பிழைக்க ஒரே வழி, எல்லோரும் முதல் போட்டுப் பொதுவாக ஒரு டிஜிட்டல் நிலையம் கட்டி, அதே கேபிளில் டிஜிட்டல் படம் அனுப்புவது. அதில் ஒரு பலம் எங்களுக்கு உண்டு. உள்ளூர் கோயில் உற்சவம், பள்ளிவாசல் நேர்ச்சை விழா, பள்ளிக்கூட ஆண்டுவிழா எல்லாம் காட்டுகிற உள்ளூர் சேனலை வானத்தில் இருந்து எவனும் தர முடியாது. ஆனால் கேபிளில் டிஜிட்டல் நிற்குமா என்று எங்கள் ஆட்களுக்கே சந்தேகம்.

கூட்டத்தில் காரசாரமாகப் பேசினார்கள். முடிவில் சுகுமாரன் சார் எழுந்து, "நம்முடைய லைன்களிலேயே மோசமான லைன் எது?" என்று கேட்டார். எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஞானமுத்து அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

ஞானமுத்து வித்துராவில் கேபிள் நடத்துபவர். அவர் அப்பா மார்த்தாண்டம் பக்கத்தில் இருந்து போனக்காடு எஸ்டேட் வேலைக்கு வந்தவர். மகன் மலையை விட்டு இறங்கி, டிவி ரிப்பேர் பழகி, வித்துராவில் இருந்து பொன்முடி அடிவாரத்துக் கல்லாறு வரை ஒயர் இழுத்து வைத்திருந்தார். காட்டுப் பாதையில், ரப்பருக்கு நடுவில், வீடுகள் அங்கொன்று இங்கொன்று. வழி நெடுக ஆம்ப்ளிஃபயர் என்கிற பெட்டி வைத்துச் சிக்னலைத் தூக்கித் தூக்கி விட்டால்தான் கல்லாறு போய்ச் சேரும். அப்படியும் கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரிதான் போய்ச் சேரும். அந்த லைனை அவரும் அவர் மனைவி ஸ்டெல்லாவும்தான் கட்டிக் காத்தார்கள். அவருக்கு வேறு தொழில் இல்லை. வேறு சொத்தும் இல்லை.

"கல்லாற்றில் டிஜிட்டல் நின்றால் எங்கேயும் நிற்கும். ஓணம் வரைக்கும் நிற்கட்டும், முதல் போடலாம். நிற்கவில்லையென்றால் எல்லோரும் விற்றுவிடலாம்" என்றார் சார். கூட்டம் ஒப்புக்கொண்டது. வெளியே வந்ததும் ஞானமுத்து என்னிடம் வந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லிப்போட்டேன், கேட்டுக்கிடுங்க. அனூப் சாறு எங்கிட்ட பேசியாச்சு. ஸ்டெல்லா கையெழுத்துப் போடச் சொல்லுகா. நீங்க எல்லாரும் சொன்னியளேன்னு நான் நிக்கேன். படம் நிக்கலன்னா நானும் நிக்க மாட்டேன்."

"நிக்கும் அண்ணே" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே அது உறுதியாகத் தெரியாது.

வித்துராவில் கருவிகளை வைத்து, கல்லாறு வரைக்கும் நானே போய் லைனை ஒழுங்குபடுத்தினேன். வழி நெடுகச் சில வீடுகளிலும், கல்லாற்றில் சுபைதா இத்தாவின் சாயாக்கடையிலும் செட்டாப் பாக்ஸ் வைத்தோம். சுபைதா இத்தா, அதாவது சுபைதா அக்கா, தனியாகக் கடை நடத்துபவர். பொன்முடி போகிறவர்கள் எல்லாம் அங்கே நிறுத்திச் சாயா குடிப்பார்கள். அந்த டிவியில் படம் நன்றாகத் தெரிந்தால் மலைப் பாதை முழுக்கச் செய்தி பரவும். முதல் சில நாட்கள் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் வஞ்சியூருக்குத் திரும்பி, காலை நீட்டி உட்கார்ந்தேன்.

அந்த வாரக் கடைசியில் போன் வந்தது. சுபைதா இத்தாதான்.

"பாக்யம், இதெந்து டிஜிட்டலா? நாயிகா கரையுன்ன நேரத்து முகம் கட்டம் கட்டமா ஆயி நின்னு போயி. ஆளுகள் சிரிக்கான் துடங்கி."

பழைய கேபிளில் சிக்னல் மோசமானால் படத்தில் புள்ளி விழும், நிழல் விழும், ஆனாலும் கதை புரியும். டிஜிட்டலில் அந்தத் தயவு தாட்சண்யம் கிடையாது. ஒன்று முழுப் படம், அல்லது கட்டம் கட்டமாக உடைந்து நின்ற படம். கதாநாயகி அழும்போது மூக்கு ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமுமாக நின்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? அதோடு இன்னொரு செய்தியும் இத்தா சொன்னார். சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த பழக்கடையில் அனூப்பின் ஆட்கள் இலவசமாக ஒரு டிஷ் மாட்டிவிட்டார்கள். அதில் படம் அருமையாக வருகிறதாம்.

சுகுமாரன் சாரும் நானும் ஜீப்பில் போனோம். வித்துராவில் ஞானமுத்து ஏறிக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் கம்பெனியில் சேர்ந்த மற்றக் கேபிள்காரர்கள் சிலரும் பின்னால் வண்டியில் வந்தார்கள். ஆறுதல் சொல்லவா, எங்கள் கதை முடிந்ததா என்று பார்க்கவா, தெரியாது. பாக்ஸ்தான் மட்டம், பாக்ஸ் கம்பெனியை மாற்ற வேண்டும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கல்லாற்றில் சார் வழக்கம் போலச் செருப்பைக் கழற்றப் போய், சாயாக்கடை என்று நினைவு வந்து மாட்டிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்தார். பால் விடாத கட்டன் சாயா கேட்டார். உடைந்து உடைந்து வந்த சீரியலைக் கடைசிவரை பார்த்தார். எதிர்க்கடை வாசலில் அனூப் நின்றுகொண்டு எங்களுக்கு வணக்கம் வைத்தார். ரிமோட் சுபைதா இத்தா கையில் இருந்ததால் சார் அவரிடம் கேட்டார். ஆரம்பத்தில் நன்றாக இருந்தது, பிறகு ஒரு நாள் திடீரென்று கெட்டது, அதற்கப்புறம் நாளுக்கு நாள் மோசம் என்றார் இத்தா.

நான் மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஊசி மேலே ஏறி நின்றது. சிக்னல் தாராளமாக இருக்கிறது. எல்லோரும் குழம்பியது இங்கேதான். சிக்னல் குறைந்து படம் போனால் புரியும். இவ்வளவு சிக்னல் இருந்தும் ஏன் உடைகிறது?

செட்டாப் பாக்ஸின் மெனுவில், டிவி திரையில் தெரிகிற ஒரு பக்கம் உண்டு. அதில் இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று சிக்னலின் பலம், மற்றது அதன் தரம். இங்கே பலம் முழுதாக இருந்தது, தரம் கால்வாசிகூட இல்லை. ஜீப்பில் ஒரு சின்ன டிவியும் பாக்ஸும் வைத்திருந்தேன். சாரைச் சாயாக்கடையிலேயே விட்டுவிட்டு, ஞானமுத்துவும் மற்றவர்களும் கூட வர, அவர் முறைப்படி கடைசியில் இருந்து பின்னோக்கிக் கிளம்பினேன். ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரிலும் நிறுத்தி, இணைத்து, அந்த இரண்டு கோடுகளைப் பார்த்தேன். பலம் எல்லா இடத்திலும் முழுசு. தரம் மட்டும், வித்துராவை நோக்கிப் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. நடுவழியில் ஆனப்பாறையில் பாதி. வித்துராவை நெருங்கியபோது ஏறக்குறைய முழுசு. அப்படியென்றால் ஓர் இடத்தில் உடைந்த கேபிளோ கெட்டுப்போன பெட்டியோ இல்லை. ஒவ்வொரு பெட்டியும் தன் பங்குக்குக் கொஞ்சம் கெடுத்திருக்கிறது.

ஆனப்பாறைக்குத் திரும்பி வந்து ஏணி வைத்து ஏறி, பெட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே சிக்னலைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. நான் நடுவில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். இப்போது அது கடைசி எல்லையில் முட்டிக்கொண்டு நின்றது. மேலே நின்றபடியே கீழே பார்த்தேன்.

"அண்ணே, இதை யாரு திருக்கினா?"

ஞானமுத்து நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான். டிஜிட்டல் சேனல்ல மீட்டர் வச்சுப் பாத்தேன், ஊசி தாந்து கிடந்துது. பாவம், இந்தச் சிக்னல் எங்ஙன கல்லாறு போய்ச் சேரும்னு எல்லாப் பெட்டியையும் கூட்டி விட்டேன். பொறவு படம் உடைஞ்சுது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன்."

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஏணியில் இருந்து குதிக்கலாம் போல ஒரு பக்கம். கேபிள்காரனுக்குத் தொழிலில் முதல் பாடமே அதுதான். படம் மங்கினால் கூட்டு. புள்ளி விழுந்தால் கூட்டு. வாடிக்கையாளர் திட்டினால் கூட்டிவிட்டு வந்து சாப்பிடு. எங்கள் ஊரில் இந்த வியாதி இல்லாத கேபிள்காரன் அன்றைக்கு ஒருவன்கூடக் கிடையாது. டிஜிட்டலை வேண்டுமென்றேதான் பழைய சேனல்களைவிடத் தாழ்வாக அனுப்புவோம். அதற்கு அதுவே போதும். அதைத் தெரியாமல் இவர், மெலிந்த பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற தாய் மாதிரி, போகிற வழியெல்லாம் ஊட்டியிருக்கிறார்.

இறங்கி வந்து சொன்னேன். "அண்ணே, சர்ச்சுல கன்வென்ஷன் கூட்டம் நடக்கும்போது குழாய் ஸ்பீக்கரை முழுசாக் கூட்டினா என்ன ஆகும்?"

"கரகரன்னு கேக்கும். போதகர் என்ன சொல்லுகாருன்னு ஒரு மண்ணும் புரியாது."

"சத்தம் குறைவா?"

"சத்தம் காது கிழியும். வார்த்தைதான்..." அவர் நிறுத்திக்கொண்டார். மேலே பெட்டியைப் பார்த்தார்.

"அதேதான். ஒவ்வொரு பெட்டியும் இரைஞ்சு இரைஞ்சு அடுத்த பெட்டிக்குக் கொடுக்கு. கல்லாறு போகும்போது சத்தம் மட்டும்தான் இருக்கு. எல்லாத்தையும் குறைக்கணும்."

குறைக்க வேண்டும் என்றதும் சுற்றி நின்ற கேபிள்காரர்கள் எல்லோருமே கூச்சல் போட்டார்கள். ஞானமுத்துவின் முகம் கறுத்துவிட்டது. "குறைச்சா பழைய கனெக்ஷன் வீட்டிலயெல்லாம் புள்ளி விழும். இருக்க ஆளும் டிஷ்ஷுக்குப் போவும். இல்லக்கா, நான் சம்மதிக்க மாட்டேன். கல்லாறு இருட்டானா எனக்குப் பொறவு சோறு இல்ல." அவர் பயம் நியாயமானது. அந்த ஒயரில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. கம்பெனிக்கு அது ஒரு சோதனை லைன், அவருக்கு அதுதான் எல்லாம்.

நான் ஞானமுத்துவையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் கல்லாற்றுக்குப் போய் சுகுமாரன் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து மாட்டிக்கொண்டு, "பாக்யத்தினு உறப்பாணோ?" என்று கேட்டார். உனக்கு உறுதிதானா என்று.

"உறுதிதான் சார்."

"எங்கில் செய்யு. ஞான் இவிட டிவி கண்டிரிக்காம்." நீ போய்ச் செய், நான் இங்கே டிவி பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று இன்னொரு கட்டன் சொன்னார். ஞானமுத்துவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எனக்கு அந்த மனிதர் காலில் விழலாம் போல இருந்தது. தன் பெயரையும் எங்கள் கம்பெனியையும் மொத்தமாகத் தூக்கி என் ஸ்க்ரூடிரைவரின் முனையில் வைத்துவிட்டார்.

கோளாறைத் தேடக் கடைசி வீட்டில் தொடங்க வேண்டும். சரி செய்ய முதல் பெட்டியில் தொடங்க வேண்டும். வித்துராவுக்குப் போய் முதல் பெட்டியைக் குறைத்தேன். அந்த நிமிஷமே அதற்கு அப்பால் உள்ள வீடுகளில் எல்லாம் படம் மங்கியிருக்கும். அடுத்த பெட்டிக்கு வருவதற்குள் வீடுகளில் இருந்து ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஆனப்பாறையில் ஒரு பெரியவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "உள்ள படத்தையும் களஞ்ஞோ நீ?" என்று, இருந்த படமும் போன கோபத்தில் கத்தினார். கத்தட்டும் என்று வேலையைப் பார்த்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே வருகிற சிக்னல் எவ்வளவு, வெளியே போகிறது எவ்வளவு, தரம் எவ்வளவு என்று பார்த்து, திருகி, மறுபடி பார்த்து, மூடி போட்டு, அடுத்தது. வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. அவசரப்படாமல் இருந்ததுதான் சாமர்த்தியம். போகப் போகத் தரக் கோடு இறங்காமல் நின்றது. ஒவ்வொரு பெட்டியிலும் அதே உயரம். எனக்குப் பாட்டு வரத் தொடங்கிவிட்டது.

கடைசிப் பெட்டியின் மூடியைப் போடும்போதே சாயாக்கடையில் இருந்து சுபைதா இத்தாவின் குரல் கேட்டது. "வந்நு! வந்நு!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். படம் உடையாமல் நின்றது என்றால் அப்படி ஒரு நிற்பு. கதாநாயகியின் மூக்குத்தி மின்னியது. அதைவிடப் பெரிய அதிசயம், பக்கத்து வீடுகளில் பழைய கனெக்ஷன் படமும் புள்ளி நிழல் எல்லாம் போய்ச் சுத்தமாகிவிட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சின்ன வயதில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதைக் கேபிளுக்கும் சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் விளங்கியது. ஞானமுத்து பெஞ்சில் இருந்து எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்று, எல்லோருக்கும் மறைத்துக்கொண்டு பார்த்தார். யாரும் அவரைத் திட்டவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பொன்முடியில் இருந்து மழை இறங்கியது. அந்தப் பக்கத்து மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. எதிர்க்கடையில் டிஷ் படம் போய்விட்டது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு சாலையைத் தாண்டி இங்கே ஓடி வந்தார்கள். கடைசியாக அனூப்பும் சட்டை நனைந்து வந்து சேர்ந்தார். இடம் கொடுத்தோம். மனுஷன் உட்கார்ந்து மழை விடும் வரைக்கும் எங்கள் கேபிளில் உள்ளூர் உற்சவம் பார்த்தார்.

மழை விட்டதும் டிஷ்ஷிலும் படம் திரும்ப வந்துவிட்டது. அதையும் சொல்வதுதானே நியாயம். நாங்கள் மழையால் ஜெயிக்கவில்லை. அதற்குப் பிறகு ஓணம் முடியும் வரை, வெயிலோ காற்றோ, கல்லாற்றில் படம் உடையவே இல்லை. அதனால்தான் ஜெயித்தோம். அன்றைக்கு ஜீப்பில் திரும்பும்போது, நெடுமங்காடு தாண்டியதும் சுகுமாரன் சார், "அந்த சீரியல் நாளெயும் காணணம்" என்றார், நாளைக்கும் பார்க்க வேண்டுமாம். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் வாங்கிய பெரிய பாராட்டு அது.

ஓணம் கழிந்து தம்பானூரில் ஒரு மண்டபத்தில் பொதுக்கூட்டம். அனூப்பும் வந்து பேச அனுமதி கேட்டிருந்தார். எங்கள் ஆட்கள் கொடுத்தார்கள். அவர் நன்றாகவே பேசினார். விலையையும் உயர்த்தினார். யாருக்கும் அவசரம் வேண்டாம், ஆனால் எங்கள் டிஷ் கம்பெனி நீண்ட காலம் இருக்கப் போகிறது, உங்கள் கம்பெனி இருக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். உயர்த்திய விலை நிறையப் பேருடைய கண்ணில் தெரிந்தது. கல்லாறு ஜெயித்ததை மறந்து சிலர் ஒருவர் காதில் ஒருவர் பேசத் தொடங்கினார்கள். இவ்வளவும் செய்து கடைசியில் விற்றுவிடுவார்களோ?

அப்போது ஞானமுத்து எழுந்தார். எங்கள் கூட்டங்களில் அவர் அதுவரை வாயைத் திறந்ததே இல்லை. பக்கத்தில் ஸ்டெல்லா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உட்காரச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பின்பக்கம் சுருண்டிருந்த சட்டையை அவள் நீவி விட்டிருக்கிறாள்.

"அனூப் சாறே, கல்லாறு லைன் விக்கதுக்கு இல்ல" என்றார். "நான் பேசினது உண்மை. இப்ப வேண்டாம்னு சொல்லுகதும் உண்மை. எங்க லைன்ல படம் நிக்கி. சாறுக்கு வேணும்னா வீட்டுக்கு ஒரு கனெக்ஷன் தாறேன்."

மண்டபமே வெடித்துச் சிரித்தது. அனூப்பும் சிரித்துவிட்டார், நல்ல மனுஷன். சிரிப்பு அடங்குவதற்குள் ஓட்டுக்கு விட்டார்கள். கைகள் உயர்ந்தன. பின்வரிசையில் காதோடு பேசிக்கொண்டிருந்தவர்களின் கைகளும் உயர்ந்தன. விற்பதில்லை, டிஜிட்டல் நிலையம் கட்டுவது என்று முடிவானது. அடுத்த மாதங்களில் வட்டாரம் முழுக்க ஏணி வைத்து ஏறி எல்லாரையும் குறைக்க வைத்தேன். வாழ்நாளெல்லாம் கூட்டியே பழகியவர்கள், "சேச்சி, இனியும் குறய்க்கணோ?" என்று கேட்டு என்னைத் துரத்தினார்கள். நிலையம் வந்தது, நின்றது, இன்றைக்கும் நிற்கிறது.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் அனூப் அலுவலகத்துக்குப் போன் செய்தார். பேட்டையில் அவர் வீடு. அம்மா ஊரில் இருந்து வந்து தங்கியிருக்கிறார், உள்ளூர் உற்சவம் பார்க்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறார் என்றார். ஞானமுத்து தருவதாகச் சொன்ன கனெக்ஷன் இன்னும் பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். வேறு ஆளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஞானமுத்துவுக்குச் சொல்லி அனுப்பினேன், அவர் வித்துராவில் இருந்து முதல் பஸ் பிடித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மொட்டைமாடியில் அனூப்பின் கம்பெனி டிஷ் இருந்தது. அதைத் தொடாமல், அதன் பக்கத்திலேயே எங்கள் கேபிளை இறக்கினோம். கீழே டிவிக்கு முன்னால் அந்த அம்மா காத்துக்கொண்டிருந்தார். படம் வந்தது. ஞானமுத்து மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார், பின்பு என்னைத் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் கூடுதலாட்டு இருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டு, அவரே குறைத்தார்.